கோடிட்ட இடமும் கோடம்பாக்கத்துப் பயிற்சியும்

கோடம்பாக்கம் மேம்பாலத்தை விட்டு இறங்கி ஆற்காடு சாலையில் வடபழனியை நோக்கி நடக்கிறவர் சற்றே நிமிர்ந்து பார்த்தால், கீழே மருந்துக் கடையும் ஜெராக்ஸ் கடையும் இருக்கிற கட்டிடங்களின் மாடிகளில், ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைகளுக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லும் பலகைகளைக் காணலாம். கனடாவுக்குப் படிக்கப் போகும் பொறியியல் பட்டதாரிக்கு ஐ.இ.எல்.டி.எஸ்., ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைப்பவருக்கு பி.டி.இ., அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை தேடும் நர்ஸுக்கு ஓ.இ.டி., எங்கும் போகாமல் இங்கேயே மத்திய சர்க்கார் உத்தியோகத்தையோ வங்கி உத்தியோகத்தையோ நாடுகிறவருக்கு அவற்றுக்குரிய வகுப்புகள் என்று, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பரீட்சை. பெயர்கள் வேறுபட்டாலும் இந்தப் பரீட்சைகள் பெரும்பாலானவற்றில் ஏதேனும் ஒரு ரூபத்தில் வந்துசேர்வது, நாம் மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிந்த 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்னும் கேள்விதான். அறிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் இதில் உள்ள அபாயம் என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய பள்ளிக்கூடங்களில் கோடிட்ட இடம் என்பது ஞாபகசக்திக்கு வைக்கும் சோதனை. பாடத்தின் முடிவில் பத்துக் கேள்விகள் இருக்கும். அவற்றைப் பிள்ளைகள் 'புக் பேக்' என்பார்கள். விடைகளை உருப்போட்டு வைத்தால் பரீட்சையில் அதே வாக்கியம், அதே இடத்தில் அதே கோட்டுடன் வந்து நிற்கும். வாக்கியத்தைப் படிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. முதல் இரண்டு வார்த்தைகளைப் பார்த்தவுடன் விடை தானாகவே கையில் வரும். இப்படிப் பத்து வருஷம் பழகிய ஒருவர், முன்பின் பார்த்திராத ஒரு பந்தியில் இதே கோட்டைச் சந்திக்கும்போது, பழைய வழக்கப்படி விடையைத் தன் ஞாபகத்திலே தேடுகிறார். அங்கே அது இல்லை. அது எதிரே இருக்கும் காகிதத்தில், கோட்டுக்கு இருபுறமும் பரவிக் கிடக்கிறது. பயிற்சி நிலையங்களில் பல இந்தப் பழக்கத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, மூவாயிரம் வார்த்தைகள் கொண்ட பட்டியலையும், 'இந்த மாதம் வரக்கூடிய கேள்விகள்' என்ற தொகுப்பையும் கொடுத்து, அதே மனப்பாட வித்தையை இன்னும் அதிகக் கட்டணத்தில் நடத்துகின்றன.

இந்தக் கேள்வியின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், அது மனப்பாடத்துக்காகப் பிறந்ததில்லை என்பது தெரியும். 1890களில் பிரெஸ்லாவ் நகரத்துப் பள்ளி அதிகாரிகள், தொடர்ந்து ஐந்து மணி நேரம் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளின் மனம் எவ்வளவு களைத்துப்போகிறது என்று அறிய விரும்பினார்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற மனோதத்துவ அறிஞர், வார்த்தைகளையும் அசைகளையும் ஆங்காங்கே நீக்கிவிட்ட உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அதன் முடிவுகளை 1897-இல் வெளியிட்டார். மனப்பாடத்தைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ்பெற்ற அந்த மனிதர், மனப்பாடத்தால் ஆகாத ஒரு காரியத்தை, அதாவது சிதறியதைச் சேர்த்துப் பொருள் காணும் சக்தியை அளப்பதற்காகவே இந்த உபாயத்தைக் கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. பின்பு 1953-இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்ற பத்திரிகைத் துறை ஆராய்ச்சியாளர், ஒரு பந்தியில் ஐந்தாவது வார்த்தை, பத்தாவது வார்த்தை என்று இயந்திரம்போல் ஒழுங்காக நீக்கி வாசகர்களிடம் கொடுக்கும் முறையை வகுத்தார். அவர் அளக்க முயன்றது வாசகனுடைய திறமையை அன்று. எழுதியவருடைய நடை எளிதா, கடினமா என்பதையே. வாக்கியங்கள் சிறியவை, வார்த்தைகள் சுலபமானவை என்று கணக்குப் பார்க்கும் பழைய சூத்திரங்கள் கெர்ட்ரூட் ஸ்டைனின் எழுத்தை எளிது என்று சொல்ல, டெய்லரின் முறை அது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த வார்த்தை என்ன வரும் என்று வாசகனால் எதிர்பார்க்க முடியாத எழுத்து, வார்த்தைகள் சிறியவையாக இருந்தாலும் கடினமான எழுத்துதான்.

எதிர்பார்ப்பு என்ற இந்த ஒன்றில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 'மழை விட்டும் ______ விடவில்லை' என்று இடம் விட்டுச் சொல்லிக் காட்டினால், தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட 'தூவானம்' என்று முடித்துவிடுவாள். தமிழ் இலக்கணத்தைக் கசடறக் கற்ற ஓர் அந்நியர், அங்கே எழுவாயாக ஒரு பெயர்ச்சொல் வரவேண்டும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்து, 'குடை' என்றோ 'இடி' என்றோ எழுதிவைக்கக் கூடும். இலக்கணம் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே போக, அந்த வாக்கியத்தைப் பத்து வாய்களிலாவது கேட்டிருக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சையில் நாமே அந்த அந்நியர். ஆகவே இலக்கணம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும், பழக்கம் எங்கே கைகொடுக்க வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொள்வதே இந்தக் கேள்விக்குரிய முதல் தந்திரம்.

கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் பிரயாசைப்பட வேண்டியதில்லை. 1948-இல் ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து இங்கே வந்த காலம் முதல், இந்தப் பேட்டையில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவது ஓர் அன்றாடத் தொழில். இசையமைப்பாளர் 'தானன தனனன' என்று சந்தத்தைப் பாடிக் காட்டுவார். அந்தத் தத்தகாரத்தின் இடங்களிலே கவிஞர் வார்த்தைகளை வைக்கவேண்டும். எம்.எஸ். விஸ்வநாதனும் கண்ணதாசனும் எதிரெதிரே அமர்ந்து பாட்டுகளைப் பிறப்பித்த விதம் இன்றும் இங்கே பேசப்படுவது. வைக்கும் வார்த்தை சந்தத்துக்கு அடங்க வேண்டும்; கதையின் சந்தர்ப்பத்துக்குப் பொருந்த வேண்டும்; முன்னடியோடும் பின்னடியோடும் ஒட்டிக்கொண்டு, காதுக்கு அந்நியமாகப் படாமல் இருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வார்த்தை நிற்காது. பரீட்சையில் கோட்டின்மேல் வைக்கும் வார்த்தைக்கும் இதே மூன்று நிபந்தனைகள்தாம்: வாக்கிய அமைப்பு கேட்கும் வகைச் சொல்லாக இருக்கவேண்டும், பந்தியின் பொருளோட்டத்துக்கு இசைய வேண்டும், பக்கத்து வார்த்தையோடு சேர்ந்து பழகியதாக இருக்கவேண்டும். நம் மாணவர்கள் முதல் நிபந்தனையோடு நின்றுவிடுகிறார்கள். கேட்டால், 'கிராமர் சரியாகத்தானே சார் இருக்கிறது' என்பார்கள்.

சேர்ந்து பழகுதல் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி' ஆக இருக்கும், 'ஸ்ட்ராங்' ஆக இராது. தேநீர் 'ஸ்ட்ராங்' ஆக இருக்கும், 'ஹெவி' ஆக இராது. ஏன் என்று கேட்டால் எந்த வியாகரணமும் பதில் சொல்லாது. ஆற்காடு சாலைத் தேநீர்க் கடையில் 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்று கேட்கும் லாரி ஓட்டுநர், பட்டியலை உருப்போட்ட பட்டதாரியைவிட இந்த விஷயத்தில் பிசகில்லாத ஆங்கிலம் பேசுகிறார். ஏனெனில் அவருக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றாகவே வந்துசேர்ந்தன. பட்டியல்களில் வார்த்தைகள் தனித்தனியாக, உறவினர் யாரும் இல்லாமல் நிற்கின்றன. பட்டியல் எழுதித்தான் தீரவேண்டும் என்பவர், ஒவ்வொரு வார்த்தையையும் அதன் துணையோடு சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கென்றே பிரத்தியேகமான சில வழுக்குமிடங்கள் உண்டு. அவற்றைப் பிற தேசத்தார் எழுதிய வழிகாட்டிப் புத்தகங்களில் காண்பது அரிது. நமக்கு வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டுகிறது. ஆங்கிலத்திலோ அந்த வேலையைப் பெயருக்கு முன்னே நிற்கும் சிறு வார்த்தைகள் செய்கின்றன. நாம் உருபை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கு நிகரான சிறு வார்த்தையைத் தேடுகிறோம். 'அதைப் பற்றி விவாதித்தார்கள்' என்ற நினைவில் 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் 'அபௌட்' போடுகிறோம். அங்கே எதுவுமே வேண்டியதில்லை. 'அவரோடு கல்யாணம்' என்ற நினைவில் 'மேரீட்' என்பதற்குப் பின் 'வித்' எழுதுகிறோம்; அங்கே வரவேண்டியது 'டு'. 'கணக்கில் கெட்டிக்காரன்' என்பதிலுள்ள 'இல்' நம்மை 'குட் இன்' என்று எழுதத் தூண்டுகிறது. பரீட்சை பெரும்பாலும் எதிர்பார்ப்பது 'குட் அட்'. அப்புறம் 'அ', 'அன்', 'தி' என்ற மூன்று சில்லறைச் சொற்கள். நம் மொழியில் இவற்றுக்கு நேரான பிரயோகம் இல்லாததால், அந்த இடம் காலியாக இருப்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பொருள் முதன்முறையாகப் பேச்சில் வருகிறதா, கேட்பவருக்கு எது என்று முன்னமே தெரிந்த பொருளா என்ற கேள்வியை ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒருதரம் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தால், இவற்றில் பாதிப் பிழை போய்விடும். மீதிப் பாதி வாசிப்பால்தான் போகும்.

ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பகுதியில் வரும் கோடு வேறு ரகம். 1989-இல் தொடங்கப்பட்ட அந்தப் பரீட்சையின் இந்தக் கேட்டல் தேர்வில், நான்கு பகுதிகளில் 40 கேள்விகள். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். முதற்பகுதியில் பெரும்பாலும் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும்: பெயர், தெரு, தொலைபேசி எண், வகுப்பு நடக்கும் கிழமை. பார்க்க மிக எளிது. பேசுகிறவர் ஒரு பெயரைச் சொல்லி எழுத்துக் கூட்டுவார். நாம் 'ஹெச்' என்று சொல்லி வளர்ந்த எழுத்து அவர் வாயில் 'ஏய்ச்' என்று வரும். 'இசட்' என்று நாம் அறிந்தது 'ஜெட்' என்றோ, அமெரிக்கக் குரலானால் 'ஜீ' என்றோ வரும். அந்த 'ஜீ'யை ஏழாவது எழுத்தாக எண்ணி எழுதினால் பெயரே பாழ். எண்ணில் பூஜ்யம் 'ஓ' ஆகும். இரட்டை நான்கு 'டபிள் ஃபோர்' ஆகும். வகுப்பு செவ்வாய்க்கிழமை என்று ஒருவர் சொல்ல, 'இல்லை, இந்த மாதத்திலிருந்து வியாழனுக்கு மாற்றிவிட்டார்களே' என்று மற்றவர் திருத்துவார். செவ்வாய் காதில் விழுந்தவுடன் எழுதிவிட்டு அடுத்த கோட்டுக்குத் தாவியவர் ஏமாந்தார். ஒலிப்பதிவு ஆரம்பிக்குமுன் கொடுக்கப்படும் சில விநாடிகளில், ஒவ்வொரு கோட்டிலும் வரப்போவது எண்ணா, பெயரா, ஒருமையா, பன்மையா என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்துக்கொண்டவருக்குக் காது பாதி வேலைதான் செய்யவேண்டியிருக்கும். பன்மையைக் காட்டும் கடைசி 'ஸ்' நம் காதில் எளிதில் விழாது, விழுந்தாலும் கையில் வராது. கோட்டுக்கு முன்னால் 'மெனி' என்றோ 'டூ' என்றோ இருந்தால் அந்த 'ஸ்' காதில் விழாவிட்டாலும் எழுதியே ஆகவேண்டும். எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு இல்லை. 'அக்காமடேஷன்' என்ற வார்த்தைக்கு 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. இதை ஒரு தரம் எழுதிப் பார்த்துவிட்டுப் போகிறவர் புத்திசாலி. காகிதத்தில் எழுத வாய்ப்புள்ளவருக்கு விடைகளைப் பெயர்த்தெழுத முடிவில் 10 நிமிஷம் உண்டு. கணினியில் எழுதுகிறவருக்குச் சரிபார்க்க 2 நிமிஷம்தான். கணினியைத் தேர்ந்தெடுக்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

வாசிப்புப் பகுதியிலோ, விடை பந்தியிலேயே இருக்கிறது; ஆனால் கேள்வி வேறு வார்த்தைகளில் இருக்கிறது. உதாரணத்தைத் தமிழிலேயே தருகிறேன். பந்தி இவ்வாறு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: '1920களில், பெருகிவந்த ஜனங்களைக் குடியமர்த்துவதற்காக மாம்பலத்து நெடும் ஏரியின் நீரை வடித்து, நிலத்தை மனைகளாகப் பிரித்தார்கள், தியாகராய நகர் அவ்விதம் எழுந்தது.' சுருக்கத்தில் உள்ள வாக்கியம்: 'இன்று கடைவீதியாக விளங்கும் அந்தப் பகுதியில் முன்பு ______ இருந்தது.' அவசரக்காரர் தியாகராய நகர் என்ற பெயரைக் கண்டவுடன் அதன் அருகில் கிடைக்கும் வார்த்தையைப் பொறுக்கி 'மனைகள்' என்று எழுதுவார். 'முன்பு' என்ற ஒரு வார்த்தை அங்கே காவல் நிற்பதையும், 'இருந்தது' என்னும் ஒருமை முற்று 'மனைகள்' என்ற பன்மையை ஏற்காது என்பதையும் அவர் கவனிக்கவில்லை. இன்னொருவர் விடையைச் சரியாகக் கண்டுபிடித்தும், 'ஒரு வார்த்தைக்கு மேற்படக் கூடாது' என்ற கட்டளையைப் படிக்காமல் 'நெடும் ஏரி' என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பார். கோட்டுக்கு வலப்புறத்தை இடப்புறத்தைப் போலவே கவனிப்பது, சுருக்கம் முழுவதையும் ஒரு முறை படித்துவிட்டே பேனாவை எடுப்பது, எழுதிய பிறகு அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்ப்பது: சொல்லிக் கொடுக்க அரை மணி போதும், பழகத்தான் மூன்று மாதம் ஆகும்.

தெரியாவிட்டால் ஊகித்து எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பரீட்சைக்குப் பரீட்சை இதற்கு விடை மாறும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் தவறான விடைக்குத் தண்டனை இல்லை, பி.டி.இ.யின் கோடிட்ட இடங்களிலும் சரியானவற்றுக்கு மட்டும் மதிப்பெண் உண்டு, தவறுக்குக் கழிப்பதில்லை. அங்கே இடத்தைக் காலியாக விடுவது மூடத்தனம். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்கட்டத்தில் கேள்விக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 குறைவு, விருப்பங்கள் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு நூறு கேள்விகளுக்குக் குறித்தாலும் சராசரியில் 50 வந்து 37.50 போய், மிச்சம் சிறிது நிற்கும்; ஒரு விருப்பத்தையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தவருக்கு லாபம் தெளிவானது. ஐந்து விருப்பங்களும் கால் மதிப்பெண் கழிவும் உள்ள வங்கித் தேர்விலோ, குருட்டு ஊகத்தின் பலன் சரியாகப் பூஜ்யம். ஒன்றைத் தள்ளிவிட்டு ஊகித்தால் மட்டுமே தராசு நம் பக்கம் சாய்கிறது. இவ்வளவு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்காமல், 'நெகட்டிவ் மார்க்' என்ற பெயருக்கே பயந்து பாதிக் கேள்விகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊகித்து நிரப்புவது எப்போது தர்மம், எப்போது அதர்மம் என்பதற்கு நம்மிடம் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், கறையானும் காலமும் தின்றுபோன இடங்களுக்குத் தாமே பாட்டெழுதி ஒட்டிவிடவில்லை. 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் கிடைக்கவில்லையென்றால் இல்லைதான். அடிகள் சிதைந்த இடங்களில் புள்ளிகளே நிற்கின்றன. அவருக்கு இருந்த புலமைக்கு, சந்தம் பிறழாமல் ஒரு சொல்லை அங்கே வைப்பது சிரமமாக இருந்திராது. ஆனால் பதிப்பாசிரியருக்கு ஊகம் குற்றம். பரீட்சை எழுதுகிறவருக்கு அது கடமை. அறிவாளிகளான சில மாணவர்கள், நிச்சயமாகத் தெரியாததை எழுதக் கூடாது என்ற சாமிநாதையரின் நேர்மையைப் பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுபோய் நஷ்டப்படுகிறார்கள்.

பரீட்சைகளும் சும்மா இருப்பதில்லை. 1981-இல் ஜெர்மனியில் ராட்ஸ், கிளைன்-பிரேலி என்ற இருவர், ஒன்றுவிட்டு ஒரு வார்த்தையின் பின்பாதியை மட்டும் நீக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். 1964-இல் தொடங்கிய டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை, 2026 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்டபோது, பாதி வார்த்தைகளை முடிக்கச் சொல்லும் அந்த இனத்துக் கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பழைய கேள்விகளின் தொகுப்பை விலைக்கு வாங்கியவர்கள் இப்போது புதிய தொகுப்புக்குக் காத்திருக்கிறார்கள். வாசித்துப் பழகியவருக்கு எந்த மாற்றமும் ஒரு வாரத்து அப்பியாசம்.

அந்த அப்பியாசத்துக்குக் கட்டணம் தேவையில்லை. நேற்றைய ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தில் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின் ஏழாவது வார்த்தைதோறும் ஒரு சிநேகிதரை அழித்துத் தரச் சொன்னால், டெய்லருடைய பரீட்சை வீட்டிலேயே தயார். பள்ளிகளும் இதைச் செய்யலாம். செய்யவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. காலாண்டுத் தேர்வில் பாடப்புத்தகத்துக் கோடிட்ட இடங்களுக்குரிய மதிப்பெண்களில் பாதியையாவது, மாணவர் முன்பு பார்த்திராத பந்திக்கு ஒதுக்கலாம். 'ஓரிடத்தில் பல வார்த்தைகள் பொருந்துமே, திருத்துகிறவர் என்ன செய்வார்?' என்று ஆசிரியர்கள் ஆட்சேபிப்பார்கள், நியாயமான ஆட்சேபம்தான். மூலத்திலிருந்த அதே வார்த்தைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தாலும், பொருந்தும் எந்த வார்த்தைக்குக் கொடுத்தாலும் மாணவர்களின் வரிசை பெரிதாக மாறுவதில்லை என்று ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. ஆகவே திருத்துவது எந்த முறையில் இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், ஒரே கோட்டில் வகுப்பு எழுதிய ஐந்தாறு வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதி, இது ஏன் நிற்கிறது, அது ஏன் நிற்கவில்லை என்று பிள்ளைகளையே வாதாட விடவேண்டும். அதற்கு ஒரு பாடவேளையை ஒதுக்கும்படி கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். புதிய பாடநூல் எதுவும் அச்சடிக்க வேண்டியதில்லை.